காலி குடுத்தாத்தான் தோட்டா

கொஞ்சம் தள்ளி உக்காருங்ணா. பின்னாடி சீட்டு இருக்கறது எனக்கும் தெரியும். உங்க கழுத்துல அந்த ஆஸ்பத்திரி அட்டை தொங்குதுல்ல, அதப் பாத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். நானும் அங்கதான் போறேன். டாக்டருங்களா? டாக்டரு எதுக்கு இந்த ஓட்ட பஸ்ல வரப்போறாரு. எக்ஸ்ரேவா? சரி, எக்ஸ்ரேன்னாலும் உள்ள நடக்கறது தெரியும்ல. ஒரே ஒரு கேள்வி. அடிபட்டு வர்றாங்கல்ல, அவங்க சட்டை, வேட்டி, கையில வெச்சிருந்த சாமான், இதெல்லாம் உங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க? வீட்டு ஆளுங்ககிட்ட குடுப்பாங்களா, இல்ல மொத்தமா அள்ளிக் குப்பையில போட்டுருவாங்களா?

மோதிரம் இல்லீங்ணா. செயினும் இல்ல. என்னோட சாமான் ஒண்ணு ஒரு ஆளு கையில மாட்டிக்கிச்சு. அவரு இப்ப உங்க ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. அத வாங்கத்தான் போறேன். சும்மா போனா நல்லா இருக்காதுன்னு ஆரஞ்சு வேற வாங்கியிருக்கேன், பாருங்க. உள்ள பாதி அழுகல் போட்டுட்டான் கடங்காரன்.

காலி. அதுதான் சாமான். தோட்டா காலி. தோட்டா பாத்திருக்கீங்களா? சுட்டா ஈயம் முன்னால போயிரும், பித்தளக் கூடு நம்மகிட்ட நின்னுக்கும். அந்தக் கூட்டத்தான் காலின்னு சொல்றது. பயப்படாதீங்க, கையில ஒண்ணும் இல்ல. லைசென்ஸ் உள்ள ஆளு நான். பேரு நவநீதன். பார்டருக்கு அந்தப் பக்கம் கேரளாவுல தோட்டம், பேசறது தமிழு. எங்க ஏரியாவுல கேட்டுப் பாருங்க, பெரிய துப்பாக்கிக்காரன் வீடு எதுன்னா சின்னப் புள்ள கூட காட்டும்.

பெரிய துப்பாக்கின்னா சும்மா இல்லீங்ணா. த்ரீ செவண்டி ஃபைவ், தோட்டா சைசு அது! எங்க பெரியப்பா வால்பாறையில எஸ்டேட்ல இருந்தாரு. அங்க இருந்த ஒரு வெள்ளக்காரன் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. பெரியப்பாவுக்கு புள்ளைங்க இல்ல, எனக்கு வந்துருச்சு. யானைக்கும் காட்டெருமைக்கும் சிங்கத்துக்கும்னே செஞ்ச துப்பாக்கிங்ணா அது! ஆப்பிரிக்காவுல இன்னைக்கும் இதத்தான் தோள்ல போட்டுட்டு சுத்தறானுங்க. நான் பாக்காத வீடியோ கெடையாது. எருமை இப்பிடித் தலையக் குனிஞ்சு வரும், அவன் அசையவே மாட்டான், டமார், டக்கு டக்குன்னு போல்ட்ட இழுப்பான், காலி வெளிய துள்ளும், அடுத்தது உள்ள போகும், மறுபடி டமார். எருமை அவன் காலடியில வந்து விழும். அந்த போல்ட் இழுக்கற சத்தம் இருக்கே, எனக்குத் தூக்கத்துல கூட கேக்கும்.

துப்பாக்கி ஓசியில வந்துருச்சு. தோட்டா? அங்கதான் வெச்சான் ஆப்பு.

ஒரு தோட்டா என்ன விலை சொல்லுங்க பாப்போம். பெட்டி இல்ல. ஒண்ணு. சும்மா ஒரு நெம்பர் சொல்லுங்க. அட, நூறு ரூபாயா! நூறு ரூபாய்க்கு அந்தக் கடையில தோட்டாவ மோந்து பாக்கக் கூட விடமாட்டான். சந்தைக்குப் போனா நல்ல ஆட்டுக்குட்டி ஒண்ணு வாங்கலாம்ல, அந்த விலை. ஒரு தோட்டா, ஒரு ஆட்டுக்குட்டி! நான் ரூபாயில நெனக்கறதே இல்ல இப்பல்லாம், ஆட்டுலதான் நெனக்கறேன். அஞ்சு வாங்குனேன். அஞ்சு ஆட்டுக்குட்டியப் பாக்கெட்ல போட்டுட்டு பஸ் ஏறுன ஆளு நானாத்தான் இருப்பேன்.

கோயமுத்தூருல கடை. கடைக்காரரு ஒரு பெருசு, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு மனுசன வெலை மதிச்சுப் பாக்கற பார்வை. "ஏனுங்க, இது பித்தளையா தங்கமா"ன்னு கேட்டேன். "தங்கம்னா பேங்க்ல வெக்கலாம் தம்பி. இதக் கொண்டுட்டுப் போனா உன்னையத்தான் உள்ள வெப்பாங்க"ங்கறாரு. கிண்டலு! வெளிநாட்டுச் சரக்காம், கப்பல்ல வரணுமாம், இந்த சைசு எவனும் கேக்கறதில்லையாம், அதனால விலை அப்பிடித்தானாம். கேக்கற ஒருத்தன்கிட்ட இப்பிடிப் புடுங்குனா வேற எவன் கேப்பான்?

அதோட விட்டாரா? கௌம்பும்போது கூப்புட்டு சொல்றாரு, "தம்பி, அடுத்த வாட்டி வரப்ப காலிய எடுத்துட்டு வா. காலி குடுத்தாத்தான் தோட்டா. ஒண்ணு குடுத்தா ஒண்ணு." எதைச் சுட்டே, எங்க சுட்டேன்னு அரசாங்கத்துக்கு அத்தாட்சி வேணுமாம். "நசுங்குனது, ஒடிஞ்சதெல்லாம் எடுத்துக்க மாட்டேன், பாத்துக்க." காசும் நம்மதே, காலியும் நம்மதே, அத வேற பூப்போல கொண்டு போயி அவருகிட்டயே குடுக்கணும். இந்த ஆளுகிட்ட நான் ஏன் கை கட்டி நிக்கணும்? ஆனா நிக்கணும். வேற கடையில இந்த சைசு இல்ல.

டிக்கெட்டா? உக்கடம் ஒண்ணு. சில்லறை இல்லீங்க. பாத்தீங்களா மொறைக்கறான். பத்து ரூபாய்க்கு இந்த மொறை. நான் சொன்னனே அந்த விலைய இவன்கிட்ட கேட்டா பஸ்ஸுலருந்து குதிச்சுருவான்.

என்ன கேட்டீங்க? பிராக்டீஸா? எதுலங்ணா பிராக்டீஸ் பண்றது? மரத்துல ஒரு வட்டம் போட்டு ஆட்டுக்குட்டியா எறிஞ்சுட்டு இருக்கச் சொல்றீங்களா? எனக்குத் தெரியாததா, துப்பாக்கின்னா மொதல்ல நாலு சுட்டு குறி சரியா விழுதான்னு பாக்கணும், எல்லா வீடியோவுலயும் சொல்றான். அவனுக்கு கம்பெனி ஓசியில குடுக்குது, சொல்லுவான். நான் வீட்டுலயே பழகுனேன். பெரியப்பா காலத்துக் காலி ஒண்ணு இருந்துச்சு, களிம்பு ஏறி ஓட்ட விழுந்து. அத உள்ள போட்டு, கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, காலண்டருல இருக்கற முருகரக் குறி வெச்சு டிக். டக்கு டக்கு போல்ட். காலி துள்ளி மெத்தை மேல விழும். எடுத்து மறுபடி உள்ள போடு. டிக். எங்கம்மா வாசல்ல நின்னுட்டு, "சாமியப் போயி சுடறானே, இவனுக்கு எப்பிடி பொண்ணு குடுப்பாங்க"ன்னு ஒரே பொலம்பல். ஆனா கை சும்மா மின்னல்ங்ணா. அந்தக் கோவிந்தன்குட்டி எல்லாம் என்கிட்ட நிக்க முடியாது.

கோவிந்தன்குட்டியா? அவனும் துப்பாக்கிக்காரன்தான். பழைய ரெட்டக்குழல், ஓணான் புடிக்கறவன் மாதிரி ஆளு. அவன் தோட்டா ஒண்ணு ரெண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட் விலை. இஷ்டத்துக்குச் சுடுவான். ஒரு பன்னிக்கு மூணு போடுவான், நாலு போடுவான். அது வேட்டையா? அது பட்டாசு.

ஆமா, பன்னி. எங்க பக்கம் காட்டுப்பன்னி தொல்லை தாங்கல. கெழங்கு, கடலை ஒண்ணையும் விடாது. பஞ்சாயத்துலயே ஆர்டர் போட்டு லைசென்ஸ் உள்ளவங்கள சுடச் சொல்றாங்க. நானும் பேரு குடுத்தேன். பன்னி ஒண்ணுக்கு அவங்க குடுக்கறது எவ்வளவு தெரியுமா? ரெண்டு நாட்டுக்கோழி விலை. ஆட்டுக்குட்டிய செலவு பண்ணிக் கோழி சம்பாதிக்கறவன எதுல சேக்கறது நீங்களே சொல்லுங்க. கறியாச்சும் கெடைக்குமா? கெடையாது. குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊத்திப் பொதைக்கணும். தோண்டறதுக்கு வேற நாமளே நிக்கணும்.

போயி மெம்பருகிட்ட கேட்டேன். விலைய ஏத்துங்க, இல்ல தோட்டாவ நீங்க வாங்கிக் குடுங்கன்னு. அந்தாளு வெத்தலயத் துப்பிட்டு, "எடா நவநீதா, பன்னிக்கு எந்தினா பீரங்கி? அதக் கொண்டு போயி மியூசியத்துல வைக்கு"ன்னாரு. சுத்தி நின்னவனெல்லாம் சிரிக்கறான். அன்னையிலருந்து எனக்கு ஊருல பேரு பீரங்கி. டீக்கடைக்குப் போனா "பீரங்கிக்கு ஒரு டீ!" இருங்கடா, ஒருநாள் ஒரே தோட்டாவுல கடவாப் பல்லு வெளிய வளைஞ்சிருக்கற கொம்பன் மாதிரிப் பன்னியச் சாச்சு ரோட்டுல போடறேன்னு நெனச்சுக்கிட்டேன். ஒண்ணு. ஒரே ஒண்ணு.

இப்ப ஆறுச்சாமிண்ணன் கதைக்கு வர்றேன். அவருதான் உங்க ஆஸ்பத்திரியில கெடக்கறவரு.

எங்க தோட்டத்துக்கு அடுத்த குத்தகைக் காடு. கடலை போட்டிருந்தாரு. நல்ல மனுசன்தான், இல்லேங்கல, ஆனா நச்சு. காலங்காத்தால வண்டியில வந்து வாசல்ல நின்னுக்குவாரு. "தம்பி, பன்னி எறங்கிருச்சு, வாங்க தம்பி." "எவ்வளவு பெருசுண்ணே?" "ஒரு தாயும் நாலஞ்சு குட்டியும் தம்பி." குட்டிக்குப் போயி ஆட்டுக்குட்டி விலைத் தோட்டாவ எவனாச்சும் செலவு பண்ணுவானா? "கொம்பன் வந்தா சொல்லுங்கண்ணே, குட்டிக்கெல்லாம் நான் வரமாட்டேன்"னேன். "குட்டியும் கடலையத்தான தம்பி திங்குது"ங்கறாரு. பேச்சுக்குப் பேச்சு. இவங்களுக்கெல்லாம் ஓசியில வேலை நடக்கணும், அதுலயும் கேள்வி கேக்கணும்.

அந்த சீசன் பூரா இதே கூத்து. பாதிக் காடு போயிருச்சு அவருக்கு. கோவிந்தன்குட்டியக் கூப்புட வேண்டியதுதான? அவன் தெக்கால எங்கியோ வேலைக்குப் போயிட்டான். இருந்தது நான்தான். பாவம்னு பாத்து ஒருநாள் போனேன். அடுத்த நாளும் போனேன். வரப்புல உக்காந்திருப்போம், பிளாஸ்க்குல டீ கொண்டாருவாரு, சக்கரை இருக்காது. பன்னி வரும். "தம்பி சுடுங்க, சுடுங்க"ம்பாரு காதுக்குள்ள. நான் பாப்பேன். ஒண்ணு பின்னாடி திரும்பி நிக்கும், ஒண்ணு செடிக்கு மறைவுல நிக்கும், ஒண்ணு ரொம்ப சின்னதா இருக்கும். மனசு வராதுங்ணா. விரல் வெச்சவுடனே கண்ணு முன்னால ஆட்டுக்குட்டி வந்து நிக்குது. எறக்கிருவேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்ணே." அவரு டீ கப்ப வாய்க்கால்ல கழுவுவாரு. அது எனக்கு எரிச்சலா இருக்கும், திட்டுனாக்கூடத் தேவல.

அப்புறம் வந்துச்சு கொம்பன்.

வெளுத்தும் வெளுக்காத நேரம். எருமக்கன்னு சைசுங்ணா! பிடரி முடி இப்பிடி நிக்குது, பல்லு வெளிய வளைஞ்சு வெள்ளையாத் தெரியுது. கடலைய மூக்குல கிண்டிக்கிட்டு அப்பிடியே சைடு காட்டி நிக்குது. வீடியோவுல கோடு போட்டுக் காட்டுவான்ல, தோளுக்குப் பின்னால, அங்கதான் சுடணும்னு, அதே மாதிரி! ஆறுச்சாமிண்ணன் மூச்சு விடல. நான் மூச்சு விடல. அமுக்குனேன்.

ஐயோ அந்த சத்தம்! ஊரே எந்திரிச்சிருச்சு. தோளு கழண்டுருச்சுன்னே நெனச்சேன். பன்னி குப்புற விழுந்து, சுத்தி எந்திரிச்சு, பின்னங்கால இழுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கற புதருக்குள்ள போயிருச்சு. குறி கொஞ்சம் பின்னால எறங்கியிருக்கு. அது பெரியப்பா வெச்ச குறி, என் தப்பு இல்ல. பட்டுச்சுல்ல? பட்டுச்சு.

நான் என்ன பண்ணுனேன், கையோட டக்கு டக்குன்னு போல்ட்ட இழுத்தேன். என்ன ஸ்பீடு தெரியுமா! எவனாச்சும் வீடியோ எடுத்திருந்தா! அடுத்த தோட்டா உள்ள போயிருச்சு, காலி தலைக்கு மேல பறந்துச்சு. வீட்டுல மெத்தையில விழும். இங்க எங்க மெத்தை? கடலைச் செடிக்குள்ள எங்கியோ போயி விழுந்துருச்சு.

"தம்பி, இன்னொண்ணு போடுங்க! புதருக்குள்ளயே நிக்குது, இன்னொண்ணு போடுங்க!" ஆறுச்சாமிண்ணன் குதிக்கறாரு. அவருக்கென்ன, ஆட்டுக்குட்டி அவரோடதா? அடிபட்டதுக்கு எதுக்கு ரெண்டாவது? ரத்தம் போயித் தானாச் செத்துரும். அதுக்குள்ள வெளிச்சம் வந்து, நாய் வந்து, ஆளுங்க வந்து, காலிய எவனாச்சும் மிதிச்சு நசுக்கிட்டான்னா? காலி குடுத்தாத்தான் தோட்டா. "அண்ணே, மொதல்ல காலியத் தேடுங்க"ன்னேன்.

இங்கதான் எல்லாரும் என்னையத் தப்பாப் பேசறாங்க, நீங்க நல்லாக் கேட்டுக்கங்க. தேடணும்னா ரெண்டு கையும் வேணும். தோட்டா உள்ள இருக்கற துப்பாக்கியக் கீழ வெக்கலாமா? வெக்கக் கூடாது. அது ரூல். உலகம் பூரா அதான் ரூல். அதனால உள்ள இருந்த தோட்டாவ பத்திரமா எடுத்து, கர்ச்சீப்புல சுத்தி, பேண்ட் பாக்கெட்ல வெச்சுட்டு, வரப்புல துண்டு விரிச்சு அதுமேல துப்பாக்கிய வெச்சேன். எவ்வளவு பொறுப்பு பாருங்க! இதப் போயி எஸ்.ஐ.கிட்ட சொன்னா அந்தாளு தலையில கைய வெச்சுக்கறாரு.

ரெண்டு பேரும் முட்டி போட்டுத் தேடறோம். "தம்பி, புதருல மூச்சுச் சத்தம் கேக்குது"ன்னாரு. "கெடக்கட்டும்ணே, நீங்க செடிய வெலக்கிப் பாருங்க, மிதிச்சுராதீங்க, நசுங்குனா கடைக்காரன் எடுத்துக்க மாட்டான்"னேன். உடனே செருப்பக் கழட்டிட்டாரு. வெறுங்கால்ல, பாத்து பாத்து நடக்கறாரு. செடி மறைக்குதுன்னு அவரே செடியப் புடுங்கிப் புடுங்கிப் போட்டுட்டுத் தேடறாரு. நான் புடுங்கச் சொல்லல, அவராத்தான். பன்னி தின்னு மிச்சம் இருந்த எடம் அது. அதுல காய் நல்லாப் புடிச்சிருந்துச்சு, நான் பாத்தேன்.

தேடிக்கிட்டே புதரு ஓரம் வரைக்கும் போயிட்டாரு. அங்க குனிஞ்சாரு. எந்திரிச்சாரு. கைய மேல தூக்கி, "தம்பி! இந்தா, கெடச்சிருச்சு! நசுங்கல தம்பி, நசுங்கல!"ன்னாரு. அதுக்குள்ள வெயில் ஏறிருச்சு, பித்தளை மின்னுச்சு. அந்த மனுசன் அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, அந்த சீசன் பூரா.

அப்பத்தான் அது வெளிய வந்துச்சு.

நான் பாக்கெட்ல கைய விட்டேன்ங்ணா. விடாம இருப்பனா? கர்ச்சீப்பு சுத்திக்கிச்சு. தோட்டா வர மாட்டேங்குது. இழுக்கறேன், இழுக்கறேன், வரல. அதுக்குள்ள அவர மூணு தடவ குத்திருச்சு. தொடையில, முட்டியில. அப்புறம் என்னையப் பாத்துச்சு. நானும் அதப் பாத்தேன். அதுவாத் திரும்பி வாய்க்காப் பக்கம் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் தோட்டா கையில வந்துச்சு. போற பன்னிய முதுகுல சுட்டு என்ன பிரயோஜனம்? அதுவும் வேஸ்ட்.

ஜீப்ல ஏத்துனோம். துண்டெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் அவரு பக்கத்துலயே உக்காந்தேன். ஏன்னா காலி அவரு வலது கையில இருக்கு, கைய இறுக்க மூடிக்கிட்டாரு. வலி வந்தா அப்பிடித்தான் மூடுவாங்களா? நான் மெதுவா ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுப் பாத்தேன். பிரியல. என் வெரலையும் சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அப்பிடியே. அவரு சம்சாரம் தெய்வாத்தாக்கா எதுத்தாப்ல உக்காந்துட்டு என்னையப் பாத்துக் கும்புடுது. "நல்லாப் புடிச்சுக்குங்க தம்பி, கைய விட்டுராதீங்க தம்பி"ங்குது. அப்புறம் ஸ்ட்ரெச்சர்ல மாத்துனாங்க, கதவச் சாத்திட்டாங்க. காலி உள்ள போயிருச்சு.

மத்தியானம் என்னாச்சு தெரியுமா? கோவிந்தன்குட்டி அன்னைக்குப் பாத்துத்தான் ஊருக்கு வந்திருக்கான். வாய்க்கா ஓரத்துல படுத்துக்கெடந்த பன்னிய, நான் அடிச்ச பன்னிய, காதுக்குப் பக்கத்துல வெச்சு ஒரு ஆம்லெட் தோட்டாவுல முடிச்சுட்டான். மெம்பரு பொன்னாடை போத்தறாரு! போட்டோ! கோழிக் காசும் அவனுக்கே. எனக்கு? துப்பாக்கிய ஸ்டேஷன்ல வாங்கி வெச்சுக்கிட்டு "விசாரிக்கணும், காலியக் கொண்டாந்து காட்டு"ங்கறாங்க. அது கையில இருந்தாத்தான் துப்பாக்கி திரும்பி வரும், அது கையில இருந்தாத்தான் கடையில அடுத்த தோட்டா. இப்பப் புரியுதா நான் ஏன் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்னு? அது இல்லைன்னா நான் முடிஞ்சேன். பீரங்கின்னு கூடக் கூப்புட மாட்டான் எவனும்.

தெனமும் போன் பண்றேன் அந்தக்காவுக்கு. அதுக்கு ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. "அக்கா, காலி என்னாச்சுக்கா"ன்னு கேட்டேன். "டாக்டரு பாத்துட்டு இருக்காருங்க தம்பி"ங்குது. காலிய எதுக்கு டாக்டரு பாக்கணும்? மறுநாளும் கேட்டேன், "காலி பத்திரமா இருக்காக்கா? நசுங்கலியே?" "நசுங்கித்தான் போச்சுங்றாங்க தம்பி, நாளைக்குத்தான் சொல்ல முடியும்றாங்க"ன்னு ஒரே அழுகை. நான் கண்ணால பாத்தேன், நசுங்கல, அவரே கத்துனாரு நசுங்கலன்னு. அப்புறம் எவன் நசுக்குனான்? "ஊருல ஒருத்தரும் இப்பிடித் தெனமும் கேக்கல தம்பி, நீங்க ஒருத்தர்தான். பெத்த புள்ள மாதிரி"ங்குது. அது சரி. என் பொருள், நான்தான கேக்கணும்.

என்ன? அப்பிடிப் பாக்காதீங்ணா. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அதான் ஆரஞ்சு.

இருங்க, போன். அதுதான், தெய்வாத்தாக்கா. இந்த பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்ல போடறேன்.

ஹலோ! அக்கா, பஸ்லதான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்! சத்தமாப் பேசுங்க! காலி? ஆங், அதான் கேக்கறேன், காலி! எடுத்தாச்சா? எடுத்தாச்சாக்கா? அப்பாடா! ரொம்ப சந்தோஷம்க்கா! நான் எங்க போயிருச்சோன்னு பயந்துட்டே இருந்தேன்! என்னது? எதுக்கு மேல? மூட்டைக்கு மேலயா? சரி சரி, மூட்டைக்கு மேலயே இருக்கட்டும், எவனும் தூக்கிப் போட்டுராமப் பாத்துக்கங்க! ஒரு கவர்ல போட்டு வெச்சிருங்க, நான் வந்து கடைக்கு எடுத்துட்டுப் போயிர்றேன்! ஹலோ? அக்கா? ஹலோ?

கட் ஆயிருச்சு. டவர் இல்ல போல.

கேட்டீங்கல்ல? எடுத்துட்டாங்களாம்! உங்க ஆஸ்பத்திரிய என்னமோன்னு நெனச்சேன், பரவால்ல. அவரு கையிலருந்து எடுத்து துணி மூட்டைக்கு மேல வெச்சிருக்காங்க. நேரா வாங்கிட்டு சாயங்காலமே கடைக்குப் போயிருவேன். அந்தப் பெருசு மூஞ்சிக்கு முன்னாலயே டக்குனு வெக்கறேன் பாருங்க. இந்தாங்க, ஒரு ஆரஞ்சு எடுத்துக்கங்க. நல்லதா பாத்து எடுங்க.

ஏன்? ஏன் எந்திரிக்கறீங்க? உக்கடம் இன்னும் வரலியே.

என்னது?

இல்லீங்ணா. காலு இல்ல, காலின்னாங்க. லி. லின்னு கேட்டுச்சே. நீங்க ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கீங்க, காத்துல உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. மூட்டைக்கு மேலன்னாங்க.

முட்டிக்கா?

முட்டிக்கு மேல.

உக்காருங்ணா. கொஞ்சம் உக்காருங்க. அந்தக்கா நேத்து நசுங்கிப் போச்சுன்னு சொன்னது? டாக்டரு பாக்கறாருன்னு சொன்னது? இல்ல, நான் காலின்னுதான கேட்டேன். தெனமும் காலின்னுதான் கேட்டேன். இப்ப நான் என்ன சொன்னேன் அவங்ககிட்ட? சந்தோஷம்னு சொன்னனா? கவர்ல போட்டு வெக்கச் சொன்னனா? கடைக்குன்னு சொன்னனா?

மறுபடி அடிக்குது. இது அந்தக்கா இல்ல. சௌமினி, அவரு பொண்ணு. நீங்க எடுங்ணா. நீங்கதான ஆஸ்பத்திரி ஆளு, நீங்க பேசுங்க. புடிங்க. நவநீதன் காலக் கேக்கலன்னு சொல்லுங்க. அவரு கையில இருக்கற அந்தப் பித்தளையத்தான் இத்தன நாளும் கேட்டுட்டு இருந்தான்னு சொல்லுங்க.

இல்ல. குடுங்க. வேணாம், குடுங்க இங்க.

அதச் சொல்லிராதீங்ணா.